மன்னார்க் கரையில் ஒரு மாரிக் காலை

மாத்தளைக்காரனுக்குக் கடல் தூரம். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் மலையிறங்கிப் பல மணி நேரம் பஸ்ஸில் குலுங்கினால்தான் உப்புக் காற்று முகத்தில் படும். ஆகவே, “மன்னாருக்குப் பறவை பார்க்கப் போகிறோம்” என்று நான் வீட்டில் சொன்னபோது, மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வரும்போது மீனாவது வாங்கிட்டு வாங்க, பிரயோசனமா இருக்கும்” என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பறவை பார்ப்பது ஒரு வேலையா என்று இரண்டு வருடங்களுக்கு முன் வீட்டில் சத்தம் போட்டவனே நான்தான்.

எங்கள் இரண்டாவது மகனுக்கு அப்போது பதினொரு வயது. உக்குவளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மிளகும் கொக்கோவும் உண்டு. ஒக்டோபர் மாதம் வந்தால், அந்த நிழலில் சருகைக் கிளறிக்கொண்டு ஒரு குருவி திரியும். பச்சை முதுகு, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, குட்டை வால். காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரண்டு சுரத்தில் கூவும். தமிழில் ஆறுமணிக்குருவி என்பார்கள். சிங்களச் சகோதரர்கள் அவிச்சியா என்கிறார்கள். இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு மாரிக்கு இங்கே வந்து, சித்திரை வாக்கில் திரும்பிவிடும். ஒரு நாள் ஓதிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது அதன் குரல் கேட்டது. பையன் முஸ்ஹபை மூடி வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினான். எனக்கு வந்த கோபத்தில் அவனுடைய பறவைக் கொப்பியைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பல மாதங்களுக்குப் பின் வேறொரு பத்திரத்தைத் தேடும்போது அந்தக் கொப்பி கையில் அகப்பட்டது. புரட்டினேன். 2021, 2022 ஆகிய இரண்டு வருடங்களிலும் அவிச்சியா வந்த நாளை எழுதியிருந்தான். எந்தக் கொடியின் கீழே நின்றது, மழை பெய்ததா இல்லையா என்பதுகூட இருந்தது. 2023 ஒக்டோபர் என்று தலைப்பிட்டு, கீழே கோடு போட்டு ஆயத்தமாக வைத்திருந்த பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அந்த வருடம் அது எந்த நாளில் வந்தது என்று இனி ஒருவருக்கும் தெரியாது. கொப்பியைக் கொண்டுபோய் அவன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவனும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த விஷயத்தை அரபுக் கல்லூரியில் என்னோடு ஏழு வருடம் ஓதிய நண்பரிடம் ஒரு நாள் தொலைபேசியில் சொன்னேன். அவர் மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். இப்போது புத்தளத்தில் இருக்கிறார், அல்லது இரண்டு இடத்திலும் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். “ஜனவரியில மகனக் கூட்டிட்டு வா மச்சான். உன்னோட மிளகுத் தோட்டத்துக்கு வாறது ஒரு குருவி. எங்கட ஊருக்கு வாறத எண்ணி முடிக்க ஏலாது” என்றார்.

அப்படித்தான் 2025 ஜனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வேனில் புறப்பட்டோம். நாலந்தை, நாவுல, தம்புள்ளை, மிஹிந்தலை, மதவாச்சி. அங்கிருந்து இடது கைப்பக்கம் திரும்பினால் மன்னார் வீதி. மொத்தம் இருநூறு கிலோமீற்றர் இருக்கும். செட்டிகுளம், மடுச்சந்தி, முருங்கன் எனப் போகப் போக மலைகள் மறைந்து நிலம் தட்டையாகிவிடுகிறது. முருங்கன் பக்கத்தில் கட்டுக்கரைக் குளம். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியதாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதை இராட்சதக் குளம் என்று அழைப்பதில் தவறில்லை. மறுகரை கண்ணுக்குத் தெரியவில்லை. அஸரைச் சுருக்கித் தொழுதுவிட்டு அணைக்கட்டில் கால் மணி நேரம் நின்றோம். பையன் அதற்குள் பன்னிரண்டு பெயர் எழுதிவிட்டான்.

அன்றிரவு எருக்கலம்பிட்டியில் நண்பரின் வீட்டில் தங்கினோம். வீடு என்றால் இரண்டு அறை பூசப்பட்டிருக்கிறது. மூன்றாவது அறைக்கு இன்னும் கூரை இல்லை. அடுத்த வளவில் இருக்கும் அவருடைய ராத்தா இடியப்பமும் மீன் சொதியும் அனுப்பியிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகன் மெதுவாக, “வாப்பா, நாளைக்கு வெள்ளை உடுக்க வேணாம். குருவிகளுக்குத் தூரத்துலேயே தெரிஞ்சிரும்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மௌலவியின் பையில் வெள்ளையைத் தவிர வேறென்ன இருக்கும்?

சுபஹ் தொழுதுவிட்டு இருட்டோடு கிளம்பினோம். மன்னார் தீவையும் பெருநிலத்தையும் இணைப்பது கடலுக்குக் குறுக்கே போடப்பட்ட மூன்று கிலோமீற்றர் தாம்போதி. 1990இல் தகர்க்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக 2010இல் புதிய பாலம் திறந்தார்கள். பாலம் தாண்டி திருக்கேதீஸ்வரச் சந்தி வரைக்கும் வீதியின் இருபக்கமும் ஆழமில்லாத களப்பு. தெற்குப் பக்கம் வங்காலைச் சரணாலயம். 2008இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் உலகப் பெறுமதியுள்ள ஈரநிலங்களின் றம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பரப்பு 4,839 ஹெக்டேயர். பெயர்ப்பலகை ஒன்று நிற்கிறது. வேலியும் இல்லை, வாசலும் இல்லை, டிக்கட்டும் இல்லை.

விடிய விடியத்தான் அது என்ன இடம் என்று விளங்கியது. தண்ணீர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கருமை முழுவதும் வாத்து. ஊசிவால் வாத்துகளே அதிகம். கழுத்தில் வெள்ளைக் கோடு, பின்னால் ஊசி போன்ற வால். அவற்றுக்கிடையே நெற்றியில் மஞ்சள் பூசினாற்போன்ற நாமத்தலை வாத்துகள். அவை விசிலடிப்பதுபோல் சத்தமிடுகின்றன. கரையோரச் சேற்றில் உள்ளான்கள் ஓடித் திரிந்தன. அவற்றில் கொசு உள்ளான் என்றொன்று உண்டு. சிட்டுக்குருவியளவுதான் இருக்கும். அது குஞ்சு பொரிப்பது வடதுருவத்துப் பனிப் பிரதேசத்தில் என்று மகன் சொன்னபோது நான் நம்பவில்லை. இவ்வளவு சிறிய உயிரா? பிறகு விசாரித்தேன். உண்மைதான்.

அப்புறம் அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். களப்பின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன். கோடு அசைந்தது. பூநாரைகள், ஆயிரக்கணக்கில். காலும் கழுத்தும் ஒரே நீளம். எல்லாம் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, பின்னோக்கிப் பார்ப்பதுபோல் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த அலகுக்குள் அரிதட்டுப்போல் மெல்லிய தகடுகள் உண்டு. நாக்கால் தண்ணீரை இழுத்துத் தள்ள, சின்ன இறாலும் பாசியும் தங்கிவிடும். அந்தத் தீனியில் உள்ள நிறச்சத்துத்தான் இறகில் ஏறிச் சிவப்பாகிறது. குஞ்சு சாம்பல் நிறம், சிவக்க இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். குஜராத்தின் கட்ச் உப்புவெளியில் கூடு கட்டும் பறவைகளே இங்கு வருகின்றன என்று கருதுகிறார்கள். தண்ணீர் முழங்கால் ஆழத்துக்குக் குறைவாகவும், உப்பும் நன்னீரும் கலந்தும் இருந்தால்தான் அவற்றுக்கு வசதி. வாடை மழை ஓய்ந்து களப்பு வற்றத் தொடங்கும் ஜனவரி, பெப்ரவரிதான் அதற்குத் தோதான பருவம்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பூநாரைக்கு அரபியில் நுஹாம் என்று பெயர். அத்தமீரியின் ஹயாத்துல் ஹயவான் அரபுக் கல்லூரி நூலகங்களில் இருக்கும். உயிரினங்களை அகர வரிசையில் சொல்லும், அறுநூறு வருடத்துக்கு மேற்பட்ட கிதாபு. அதில் நுஹாமும் உண்டு. மாணவனாக அதை வாசித்தேன். ஆசிரியனாகி ஒரு தடவை மாணவர் ஒருவர் அச்சொல்லுக்குக் கருத்துக் கேட்டபோது, “ஒரு வகைப் பறவை” என்று சொல்லிக் கடந்துவிட்டேன். நமது பழைய அகராதிகளிலும் பல சொற்களுக்கு நேரே ‘மஃரூஃப்’, அதாவது ‘தெரிந்ததுதானே’ என்று எழுதி விட்டிருப்பார்கள். பாலைவனத்திலும் கடலோரத்திலும் வாழ்ந்தவருக்குத் தெரிந்திருக்கும். கொக்கோ மரத்தடியில் வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்? இருபது வருடம் சொல்லை மட்டும் வைத்திருந்துவிட்டு, அன்றைக்குத்தான் பறவையைக் கண்டேன்.

அந்த ஆவலில்தான் பிழை விட்டேன். இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு, ஜுப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். “வாப்பா, வேணாம்” என்று பின்னால் மகன் சொன்னது கேட்டது. இருபது அடி வைத்திருப்பேன். காற்று ஜுப்பாவை ஊதியது. பாய்மரம்போல் விரிந்தது. அவ்வளவுதான், முதலில் உள்ளான்கள், பிறகு வாத்துகள், கடைசியில் பூநாரைகள் என்று களப்பே எழும்பிவிட்டது. சிறகு விரியும்போது உள்ளே சிவப்பும் கறுப்பும் தெரிகிறது. பார்க்க அழகு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த வங்காலைப் பெரியவர் ஒருவர், “ஐயா, அதுகளை எழுப்பாதீங்க. சாப்பிட வந்ததுகள்” என்றார். கழுத்தில் சிலுவை மாலை போட்டிருந்தார். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் பாடம் கெடுத்த மாணவனிடம் நான் பேசுவதுபோல் பேசினார். மகனின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அவர் சொன்னதன் கனத்தைப் பிறகு மகன் விளக்கினான். இந்தப் பறவைகள் இங்கே ஓய்வெடுக்க மட்டும் வரவில்லை. திரும்பிப் போகும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கின்றன. மூக்கன் என்றொரு நீண்ட அலகுப் பறவை, கருவால் மூக்கன், அங்கே சேற்றில் நின்றது. அதன் இனத்துப் பட்டைவால் மூக்கன் ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீற்றர் தூரத்தை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்ததைச் செய்மதிக் கருவி காட்டியது. பிறந்து ஐந்து மாதமே ஆன பறவை. இப்படிப் பறப்பதற்கு முன் அவை உடம்பு நிறையக் கொழுப்பை ஏற்றிக்கொண்டு, பாரம் குறைக்கக் குடலையும் சுருக்கிக்கொள்கின்றனவாம். ஒவ்வொரு தடவை நாம் எழுப்பும்போதும் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு எரிந்து போகிறது. நாய் துரத்தினாலும் அப்படித்தான், படம் பிடிக்கப் பறக்கும் கமெரா விடுகிறவர் விரட்டினாலும் அப்படித்தான், ஜுப்பா விரித்த மௌலவி இறங்கினாலும் அப்படித்தான்.

சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் தெற்கே வரும் பாதைக்கு மத்திய ஆசிய வலசைப் பாதை என்று பெயர். முப்பது நாடுகளின் மேலாக வருகிறது. அதன் தெற்கு முனை நமது நாடு. இதற்கப்பால் தெற்கே பனிக் கண்டம் வரைக்கும் வெறும் சமுத்திரம். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருபவற்றில் பல முதலில் கால் வைக்கும் கரை மன்னார். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நாடுகளெங்கும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். 1987 முதல் நடக்கிறது. சாதாரண ஆட்கள்தான் பெரும்பாலும் எண்ணுகிறார்கள். மகனுக்கு அடுத்த வருடம் சேர ஆசை.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. வேனின் நிழலில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்த பிளேன்டீயைப் பனங்கட்டி கடித்துக் குடித்தோம். நண்பர் வழமைக்கு மாறாக அமைதியாக இருந்தார். நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, “எவ்வளவு தூரத்துக்குப் போனாலும் அதே இடத்துக்குத் திரும்பி வருதே, நீங்களும் அப்படித்தானே” என்று சொல்லிவிட்டேன். மௌலவிகளுக்கு உவமை சொல்லும் வியாதி உண்டு.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்படி ஒப்பிடாத மச்சான். அதுகள ஒருத்தரும் போகச் சொல்லல்ல” என்றார்.

பிறகு மகனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். 1990 ஒக்டோபர் கடைசியில் அவருக்கு வயது ஒன்பது. வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்பது விடுதலைப் புலிகளின் கட்டளை. மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர். மன்னார் தீவிலிருந்து பலர் தோணிகளில் கற்பிட்டிக்குப் போனார்கள். கையில் சில பைகள், கொஞ்சம் காசு. “கடற்கரையில தோணிக்குக் காத்திருந்தோம். மழை. உம்மா எங்களப் புடவையால மூடிக்கொண்டிருந்தா. எனக்கு அழுகை வரல்ல, ஏனென்டா திரும்பி வாறமென்டுதான் நெனச்ச. வீட்டுச் சாவி வாப்பாட இடுப்புல இருந்த. ஒரு கூட்டம் வாத்து தலைக்கு மேலால ஊர்ப்பக்கம் போன. அத மட்டும் நல்லா ஞாபகம். அதுகள் உள்ளுக்குப் போகுது, நாங்க வெளியால போறம்.”

அந்தச் சாவியோடு வாப்பா புத்தளத்திலேயே மவுத்தாகிவிட்டார். முகாமில் ஓலைக் குடிசை, பிறகு நாகவில்லுவில் எருக்கலம்பிட்டியார் குடியிருப்பில் ஒரு துண்டுக் காணி. நண்பர் அங்கே படித்து, எங்கள் கல்லூரிக்கு வந்து, அங்கேயே கலியாணம் முடித்தார். 2009இல் யுத்தம் முடிந்தது. அவர் ஊருக்கு வந்து பார்த்தபோது வீட்டுக்குள் மரம் வளர்ந்திருந்தது. இன்று அவருடைய பிள்ளைகளுக்குப் பாடசாலையும் கூட்டாளிகளும் புத்தளத்தில். மனைவிக்கும் ஊர் அதுதான். இவருக்கு மட்டும் இது ஊர். மூன்றாவது அறைக்குக் கூரை ஏறாததன் காரணம் காசு மட்டுமல்ல என்று எனக்கு அப்போது பட்டது. வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, பாடசாலை அனுமதி என ஒவ்வொன்றிலும் ‘நீங்கள் எந்த ஊர்?’ என்ற கேள்வி வருகிறதாம். “முப்பத்து நாலு வருஷமா அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுறன்” என்று சிரித்தார். நான் மேற்கொண்டு உவமை ஒன்றும் சொல்லவில்லை.

ளுஹருக்குப் பின் தலைமன்னார்ப் பக்கம் போனோம். வழியில் தீவின் தென்கரை நெடுகக் காற்றாலைகள். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ திட்டத்தில் மட்டும் முப்பது. 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாமல் மெழுகுதிரியில் பாடம் நடத்தியவன் நான். காற்றில் மின்சாரம் எடுப்பதைக் கெட்டதென்று சொல்ல வாய் வராது. ஆனால் நாட்டில் காற்று வீசும் இடம் இது ஒன்றுதானா? பறவைகள் கடலிலிருந்து நுழையும் வாசலிலேயே இந்த இராட்சத இறக்கைகளை நட வேண்டுமா? மின்கம்பிகளில் மோதிப் பூநாரைகள் சாவது குஜராத்திலும் கண்ட சங்கதி. மன்னார் மக்களுக்கு வேறு முறைப்பாடும் உண்டு. வெள்ளம் வடியும் வழி அடைபட்டுவிட்டது, மீன்பாடு குறைந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் பயணத்துக்கு அடுத்த மாதம், 2025 பெப்ரவரியில், இங்கே புதிதாக 52 காற்றாலைகள் நட இருந்த இந்தியாவின் அதானி நிறுவனம் தானாகவே விலகிக்கொண்டது. ஆயினும் வேறு திட்டங்களுக்கான பாகங்கள் வந்தபோது, அதே ஆண்டு ஓகஸ்டில் மன்னாரில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். சகல சமயத்தவரும் நின்றார்கள் என்று நண்பர் பெருமையோடு சொன்னார். அந்த ஊரில் அது சிறிய விஷயமல்ல.

தலைமன்னார்க் கடைசியில் நின்றால், ஆதம் பாலத்தின் முதல் மணல் திட்டுகள் வெண்மையாகத் தெரிகின்றன. அப்பால் முப்பது கிலோமீற்றரில் தனுஷ்கோடி. திட்டில் கடற்காகங்கள் கூட்டமாக ஒரே திசையில், காற்றுக்கு முகம் கொடுத்து நின்றன. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்த கடற்காகங்களின் முதுகில் சிறு கருவி பொருத்தி விட்டார்கள். அவை இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியாவைக் கடந்து, வட ரஷ்யாவின் யமால் பிரதேசத்துக்கே போய்ச் சேர்ந்தன. அடுத்த மாரிக்கு மன்னாருக்கே திரும்பியும் வந்தன. மீன் குடலுக்குச் சண்டை பிடித்துக்கொண்டு நிற்கும் இந்தச் சாதாரணப் பறவைக்குள் இப்படியொரு வழி எழுதப்பட்டிருக்கிறது. இரவில் நட்சத்திரம், பகலில் சூரியன், பூமியின் காந்தம் ஆகிய மூன்றையும் கொண்டு பறவைகள் திசை அறிவதாக ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். சுப்ஹானல்லாஹ் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நண்டுதின்னி என்ற கறுப்பு வெள்ளைப் பறவையைப் பார்க்க மகன் காலையிலிருந்தே துடித்துக்கொண்டிருந்தான். அது கிடைக்கவில்லை. பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியில் அரை மணி நேரம் நின்றோம். அரபு வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மரம், நாலைந்து பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாது. வீதியில் மன்னார்க் கழுதைகள் இரண்டு வழிவிட மறுத்தன. இவற்றையும் அந்த வணிகரின் கணக்கிலேயே எழுதுகிறார்கள்.

அஸருக்குப் பின் புறப்பட்டோம். நண்பர் கதவைப் பூட்டி, சாவியை ராத்தாவிடம் கொடுத்தார். “இனி எப்ப?” என்று கேட்டார் அவர். “தவணை லீவுக்கு, இன்ஷா அல்லாஹ். புள்ளைகளையும் கூட்டிட்டு வாறன்” என்றார். “போன முறையும் அப்படித்தான் சொன்ன” என்று ராத்தா சொன்னதற்கு அவர் பதில் சொல்லாமல் வேனில் ஏறினார். மதவாச்சிச் சந்தியில் இறங்கிப் புத்தளம் போகும் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டார்.

மகன் வேன் விளக்கில் கொப்பியைத் திறந்தான். மொத்தம் நாற்பத்தொன்று. நண்டுதின்னிக்கு ஒரு வரி விட்டு வைத்திருந்தான். “வாப்பா, பூநாரைக்கு அரபியில எப்படி எழுதுற?” என்று கேட்டுப் பேனையை நீட்டினான். எழுதிக் கொடுத்தேன். வேன் குலுங்கியதில் எழுத்துக் கோணிவிட்டது. வேறொரு பக்கத்தில் அழகாக எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று மூடி மடியில் வைத்துக்கொண்டு, தம்புள்ளை வருவதற்குள் தூங்கிப்போனான்.

இரவு பதினொரு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் மீன் ஞாபகம் வந்தது.